ஜீப்புக்கு ஆறு விளக்கு

சனிக்கிழமை காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். தலையைத் துவட்டிக்கொண்டே மாடி ஜன்னலின் திரையை விலக்கியபோது முதலில் கண்ணில் பட்டது புகை. கீழே போர்ச்சில் நின்றுகொண்டிருந்த என் ஜீப்பின் போனட் இடுக்கிலிருந்து அது எழுந்துகொண்டிருந்தது. வெள்ளைப் புகை. அதற்கு எந்த அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவசரம் முழுவதும் என்னிடம் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நாங்கள் அந்த ஜீப்பில் தபோங்கிற்குப் புறப்படுவதாக இருந்தோம்.

நான் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராகக் காலம் தள்ளியவன். குவா மூசாங்கில் யானை, தபோங்கில் வெள்ளம், ஜெலியில் மண்சரிவு என்று வடகிழக்குக் காட்டோர ஊர்களிலிருந்து வரும் செய்திகளில் ஊர்ப் பெயர் பிழையில்லாமல் வருகிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பெயர்களை ஒழுங்காகப் பார்த்தேன். ஊர்களைத்தான் பார்க்கவில்லை. கிள்ளானிலிருந்து நானே வண்டி ஓட்டிப் போன மிகத் தொலைவான இடம் ஈப்போ. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி தே தாரிக் குடித்தோம்.

ஓய்வு பெற்ற வருடம், இனியாவது அந்த ஊர்களைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து இந்த ஜீப்பை வாங்கினேன். செம்பனைத் தோட்டம் ஒன்றில் உழைத்து ஓய்ந்த, கரும்பச்சை நிற டீசல் ஜீப். நானும் அதுவும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். அதற்கு முட்டி வலி கிடையாது என்பது மட்டுமே வித்தியாசம்.

எங்கள் வீடு காப்பார் சாலையை ஒட்டிய வரிசை வீடு. போர்ச்சில் ஒரு வண்டிதான் நிற்கும். ஜீப் வந்ததும் என் மனைவி சாந்தினியின் புதிய சிறிய கார் தெருவுக்குப் போனது. தெருவில் ஒரு மாமரம் இருக்கிறது. மாமரத்தில் காக்கைகள் இருக்கின்றன. சாந்தினி இடைநிலைப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். காரைக் கழுவிய ஒவ்வொரு முறையும் எனக்குத் தகவல் தெரிவித்தாள். கடைசியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது தீர்ப்பு வந்தது.

“தபோங் போய்ட்டு, யாரும் தள்ளாம, எந்த லோரியும் கட்டி இழுக்காம, அதுவா திரும்பி வரட்டும். வந்தா போர்ச்சு அதுக்கு. வரலன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போன் பண்ணிருவேன்.”

எண்ணை ஏற்கெனவே போனில் பதிந்து வைத்திருந்தாள். பழைய இரும்பு லோரி சனிக்கிழமைதோறும் ஒலிபெருக்கியுடன் எங்கள் தெருவுக்கு வரும். பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய நாளிதழ் எல்லாம் எடுப்பதாக மலாயில் அறிவித்துக்கொண்டே போகும். அந்த அறிவிப்பில் ஜீப், நான் இருவருமே அடக்கம். ஜீப் வந்த பிறகு லோரி எங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தது.

ஆகவே தயாரிப்பில் இறங்கினேன். காப்பாரில் பாலாவின் பட்டறை இருக்கிறது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவந்த கார்களைக் குவித்து வைத்திருக்கும் கடைகளுக்கு நடுவில், அந்தப் பாதிகளைக் கொண்டு முழுசுகளைப் பிழைக்க வைப்பது அவன் தொழில். நல்ல கைக்காரன். வாய் அதைவிட நல்லது. ரேடியேட்டர் குழாய்கள், பெல்ட்டுகள், பிரேக், டயர் என்று எல்லாவற்றையும் மாற்றி, “இஞ்சின் உங்களுக்கு அப்புறமும் ஓடும்ணே” என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரவில் தூக்கம் வராதவன் கையில் போனும், போனில் காட்டுப் பயணக் காணொளிகளும் இருந்தால் என்ன ஆகும்? இழுவைக் கயிறு வந்தது. மண்வெட்டி வந்தது. ஆற்றைக் கடக்கும்போது இஞ்சின் மூச்சு விடுவதற்காகக் கண்ணாடி ஓரமாக மேலே போகும் ஒரு நீண்ட கறுப்புக் குழாய் வந்தது. (தபோங் வரை தார்ச்சாலை இருப்பதைச் சாந்தினி போனில் காட்டினாள். வரைபடத்தை எப்போதும் நம்பக்கூடாது என்று பதில் சொன்னேன்.) கடைசியாகக் கூரைமேல் பொருத்த ஆறு விளக்குகள் வந்தன.

பாலா அவற்றைப் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“ஒரு ஜோடி போதும் லா. தபோங்ல என்ன ஏரோப்ளேனா எறக்கப் போறீங்க?”

ஆறையும் தன்னால் மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டான். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அவன் ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தான். பிறகு, இஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகரத்தில் ஒயர் போக ஓட்டை போட்டால், ஓட்டை விளிம்பில் கட்டாயம் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தகரம் ஒயரை அறுத்துவிடும் என்று சொன்னான். தலையாட்டினேன். (முப்பது வருடம் செய்தி ஆசிரியர்களுக்குத் தலையாட்டிப் பழகிய தலை.)

ஓட்டையைப் போட்டேன். ரப்பர் வளையத்தையும் வாங்கினேன். ஆறு விளக்குகளின் ஒயரும் சேர்ந்தபோது கட்டு தடித்துவிட்டது. வளையம் பொருந்தவில்லை. போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மேசை இழுப்பறையில் போட்டேன். அன்று மாலை ஆறு விளக்குகளையும் எரியவிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டு லிம் அங்கிளின் கூரையில் அடைந்திருந்த புறாக்கள் விடிந்துவிட்டதாக நினைத்துப் பறந்துபோயின. லிம் அங்கிள் வெளியே வந்து, கைகளால் கண்ணை மறைத்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு தீ பற்றி யோசித்தேன். காணொளி ஒன்றில் பழைய ஜீப் ஒன்று காட்டுப்பாதை நடுவே எரிந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு சிந்தனை இல்லை. சிவப்பு நிறத் தீயணைப்புக் கருவிகள் இரண்டு வாங்கி, ஒன்றை ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலும் மற்றொன்றை வீட்டு வாசலிலும் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தினியை போர்ச்சில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தேன். ஊசியை இழு, அடியைக் குறிபார், அழுத்து. பயிற்சி முடிந்ததும், பரீட்சைத் தாள் திருத்தப் போகலாமா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ரவாங்கிலிருந்து ரயில் பிடித்துச் சின்னம்மா வந்து சேர்ந்தார். சாந்தினியின் அம்மாவுக்குத் தங்கை. நாங்கள் இல்லாத நாட்களில் வீட்டையும் மீன்தொட்டியையும் பார்த்துக்கொள்ளத்தான் வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“மாப்பிள்ள, இதுக்குப் பூசை போட்டாச்சா?”

புது வண்டிக்குத்தானே பூசை, இது பழையது என்றேன்.

“பழசுக்குத்தான் மொதல்ல போடணும். எதெத ஏத்துச்சோ, எது மேல ஏறுச்சோ, யாரு கண்டா?”

எனக்குப் பூசையில் ஆட்சேபம் இல்லை. நேரத்தில்தான் ஆட்சேபம். காலையில் புறப்படும்போது சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுப் போகலாம், எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று பத்திரிகைக்காரனுக்குரிய கண்டிப்புடன் சொன்னேன். சின்னம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

“சரி மாப்பிள்ள. உங்களுக்கு டைம் வேஸ்ட் ஆகாம நான் பாத்துக்கிறேன்.”

நல்ல துணையாசிரியர் ஒரு வாக்கியத்தைப் படித்ததும் அதில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். நான் அந்த வாக்கியத்துக்கு நன்றி சொன்னேன்.

மீண்டும் ஏழு பன்னிரண்டு. போனட்டில் புகையைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒயர். ஆறு விளக்கு. தகரம். ஆனால் ஒரே ஆதாரத்தை வைத்துச் செய்தி போடக்கூடாது என்று இளைய நிருபர்களுக்குப் போதித்தவன் நான். ஆகவே படியில் இறங்கிக்கொண்டே இரண்டாவது ஆதாரத்தைத் தேடினேன். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த சாந்தினி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “ஐயையோ, ஆமாங்க, பொகையுது” என்றாள். செய்தி உறுதியானது.

மூக்கும் ஓர் ஆதாரம்தான். அது வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் சின்னம்மா விடியும் முன்பே எழுந்து வீட்டின் எல்லா மூலைக்கும் சாம்பிராணி காட்டியிருந்தார். அன்று காலை எங்கள் வீட்டில் பற்பசைக்கே அந்த மணம்தான். மூக்கை நம்பத்தகாத வட்டாரம் என்று ஒதுக்கிவிட்டேன்.

இடுப்பில் துண்டு, கையில் வாசல் கருவி. ஜீப்பின் கதவைத் திறந்தேன். உள்ளே இருக்கை தெரியவில்லை. பஞ்சுப்பொதி சரிவதுபோல் புகை என்மேல் சரிந்தது. பின்னால் இருபது லிட்டர் டீசல் டின் இருப்பது நினைவுக்கு வந்தது. எல்லோரையும் தெருவுக்கு ஓடச் சொல்லிக் கத்தினேன். எதிர்வீட்டில் லிம் அங்கிள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பொம்பாவுக்கு, அதாவது தீயணைப்புப் படைக்கு, எங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருந்தால் ஜீப் மிஞ்சாது. ஜீப் மிஞ்சாவிட்டால் தபோங் இல்லை. போதாததற்கு அன்று பழைய இரும்பு லோரி வரும் நாள்.

ஊசியை இழுத்தேன். அடியைக் குறிபார்த்தேன். அழுத்தினேன்.

கருவி தீரும்வரை கையை எடுக்கவில்லை. புகை அடங்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு இரண்டாவது கருவியை உருவினேன். (எரிகிற வண்டிக்குள் கைவிட்டும் கை ஏன் சுடவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.) போனட்டைத் தூக்கி, அதற்குள்ளும் கடைசித் துகள் வரை அடித்தேன். அந்தத் தூள் எவ்வளவு நுண்மையானது என்று காணொளியில் யாரும் சொல்லவில்லை. மாவு மில் கவிழ்ந்த மாதிரி ஆனது போர்ச்சு. செருப்பு, செம்பருத்திச் செடி, வாசல் கோலம், தோசைக்கரண்டியுடன் நின்ற சாந்தினி எல்லாம் ஒரே நிறம்.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து சின்னம்மா வந்தார். கையில் தாம்பாளம். அதில் சூடம், தேங்காய், நாலு எலுமிச்சம்பழம். அவற்றின்மேலும் தூள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மாப்பிள்ள, உள்ள என் தூபக்கால் இருந்துச்சே.”

லிம் அங்கிள் போனில் ஏதோ சொல்லிப் பொம்பாவைத் தடுக்கப் பார்த்தார். ஆனால் சைரன் ஏற்கெனவே தெருமுனைக்கு வந்துவிட்டது.

சின்னம்மா பிறகு விளக்கினார். நான் கொடுத்தது ஐந்து நிமிடம். பழைய வண்டிக்குச் சாம்பிராணி உள்ளே ஏற அரை மணி நேரமாவது வேண்டும். என் நேரம் வீணாகக்கூடாதே என்று, தணலோடு தூபக்காலைச் செங்கல்மேல் வைத்து, செங்கலை இன்னொரு தாம்பாளத்தில் வைத்து, அதை ஜீப்புக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்திவிட்டு, தேங்காய் உரிக்கப் போயிருக்கிறார்.

“டீசல் டின்ன அப்பவே எறக்கி செருப்பு ஸ்டாண்டு பக்கத்துல வெச்சிட்டேன். நெருப்பு விஷயம், எனக்குத் தெரியாதா?”

டின் அங்கேதான் இருந்தது. வெள்ளையாக.

தீயணைப்பு வீரர்கள் நாலு பேர் குழாயுடன் இறங்கி, அணைப்பதற்கு எதுவும் இல்லாமல் நின்றார்கள். அவர்களின் தலைவர் கையுறை மாட்டி, பின்னிருக்கைக் காலடியிலிருந்து தூபக்காலை எடுத்துத் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று மலாயில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லிம் அங்கிள் குறுக்கே வந்து, காடிக்கு, அதாவது வண்டிக்கு, சாமி கும்பிட்டார்கள், நானும் சீனப் புத்தாண்டுக்கு என் காடிக்கு ஊதுபத்தி காட்டுவேன், ஆனால் கதவைத் திறந்து வைப்பேன் என்று விளக்கம் கொடுத்தார். தலைவர் புரிந்துகொண்டார். எங்கே பயணம் என்று கேட்டார். தபோங் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் மனைவியின் சொந்த ஊர் அதற்குப் பக்கத்தில்தானாம். நீண்ட கறுப்புக் குழாயையும் ஆறு விளக்குகளையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாதை நல்ல பாதை, தன் மாமியார் சின்னக் காரிலேயே போய் வருகிறார் என்றார். சாந்தினி அவருக்கு அழுத்தமாக நன்றி சொன்னாள். சின்னம்மா எல்லோருக்கும் பாலில்லாத தே ஓ கலக்கிக் கொடுத்தார்.

வழியனுப்புவதற்காக வந்த பாலா, பொம்பா வண்டி திரும்பிப் போகும் நேரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கதையைச் சாந்தினி சொன்னாள். அவன் முதலில் சிரிக்கவில்லை. உள்ளே வைத்த சாம்பிராணி எப்படிப் போனட் வழியாக வந்தது என்று யோசித்தான். கைவிளக்கை எடுத்துக்கொண்டு இஞ்சினுக்குள் தலையை விட்டான். நான் போட்ட ஓட்டையிலிருந்து அப்போதும் ஒரு மெல்லிய இழை புகை வந்துகொண்டிருந்தது. ஓட்டையின் விளிம்பில் ஒயர்க் கட்டைத் தூக்கிக் காட்டினான். தகரம் மேலுறையை அறுத்து, உள்ளே செம்பு பளபளத்தது. காப்பார் சாலையில் ஓட்டிப் பார்த்ததற்கே இவ்வளவு.

“குவா மூசாங் தாண்டுறதுக்குள்ள நெசமாவே எரிஞ்சிருக்கும்ணே” என்றான். பிறகுதான் சிரிப்பு வந்தது. போர்ச்சுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “சின்னம்மாவோட நெருப்ப அணைச்சிட்டீங்க. நீங்க வெச்ச நெருப்ப யாருண்ணே அணைக்கிறது?”

சின்னம்மா அந்தச் செம்பை நெருங்கி வந்து பார்த்தார். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு ஜீப்பைத் தொட்டுக் கும்பிட்டார். தன் சாம்பிராணிதான் காட்டிக்கொடுத்தது என்று அவர் அன்று சொல்ல ஆரம்பித்தார். அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. பழைய இரும்பு, பழைய பேட்டரி, பழைய நாளிதழ்.

லோரி எங்கள் வாசலில் வேகத்தைக் குறைத்தது. பிறகு நின்றே விட்டது. ஓட்டுநர், தலை முதல் சக்கரம் வரை வெளுத்து, போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற ஜீப்பைப் பார்த்தார். பிறகு அதே நிலையில் நின்ற என்னைப் பார்த்தார். சாந்தினி கேட்டைத் திறந்து அவரிடம் போய்ப் பேசினாள். அவர் தலையாட்டிவிட்டு லோரியைப் பின்னால் எடுக்க ஆரம்பித்தார். பாலாவின் சிரிப்பு நின்றது. நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கும் கேட்டுக்கும் நடுவில் போய் நின்றேன். அதைத் தவிர வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

சாந்தினி என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் கிடந்த இரண்டு சிவப்புக் கருவிகளையும் எடுத்தாள். கொண்டுபோய் லோரியில் போட்டாள். கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

“காடி என்னங்க பண்ணுச்சு? எல்லாம் பண்ணது நீங்க.”

பிறகு பாலாவிடம், கூரையில் ஒரு ஜோடி போக மீதி விளக்கைக் கழற்றிவிடச் சொன்னாள். பயணம் முடியும்வரை போனட்டைத் திறக்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது.

பள்ளி விடுமுறை முடிவதற்குள் புறப்பட்டுவிட்டோம். அதற்குள் பாலா எல்லாவற்றையும் பிரித்து ஊதித் துடைத்து, ஓட்டைக்கு ரப்பர் வளையமும் போட்டிருந்தான். இந்த முறை பூசைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினேன். கதவுகள் நாலும் திறந்திருந்தன. மீன்தொட்டி லிம் அங்கிளிடம் போனது. ஏனென்றால் பின்னிருக்கையில் சின்னம்மா இருந்தார். தன் சாம்பிராணி எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஜீப் ராவுப் தாண்டியது, லிப்பிஸ் தாண்டியது, குவா மூசாங் தாண்டியது. இருமக்கூட இல்லை. பாலா எவ்வளவு ஊதியும் போகாத தூள் குளிர்சாதனக் குழாய்களுக்குள் மட்டும் எங்கோ தங்கியிருந்தது. ஏசியைப் போடும்போதெல்லாம் ஒரு பிடி வெளியே வந்து எங்கள் முகத்தில் அப்பியது. லிப்பிஸில் சாப்பிட இறங்கியபோது கடைக்காரப் பெண்மணி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு முதலில் கை கழுவும் இடத்தைக் காட்டினார். தபோங்கில் ஆற்றங்கரையில் ஜீப்போடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். படத்தில் சின்னம்மாவின் புருவம் நரைத்ததுபோல் இருக்கும்; என்னுடையது உண்மையிலேயே நரை.

திரும்பும்போது கெரிக் நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் யானை நின்றது. சாலை ஓரத்துப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. போன் லைன் கிடையாது, முன்னும் பின்னும் வண்டி கிடையாது. வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். எத்தனையோ முறை இந்தச் சாலை யானையைப் பக்க ஓரத்தில் நாலு வரிச் செய்தியாகச் சுருக்கியிருக்கிறேன். அது அவ்வளவு பெரிது என்று எந்த நிருபரும் எழுதவில்லை. சின்னம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். யானை எங்களைப் பார்த்தது. கூரைமேல் இருந்த இரண்டு விளக்குகளையும் பார்த்தது. பிறகு காட்டுக்குள் போய்விட்டது.

“ஆறு இருந்திருந்தா வந்து என்னான்னு கேட்டிருக்கும்” என்றாள் சாந்தினி.

யாரும் தள்ளாமல், எந்த லோரியும் கட்டி இழுக்காமல் ஜீப் கிள்ளானுக்குத் திரும்பியது.

இந்தக் கதை எங்கள் குடும்பத்தில் இப்போது எல்லா விசேஷத்திலும் சொல்லப்படுகிறது. போன மாதம் செராஸில் சாந்தினியின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். ஐயர் ஹோமத்துக்கு நெருப்பு மூட்டப்போகும் நேரத்தில் மச்சான் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சிவப்புக் கருவியைக் கழற்றி, அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சின்னம்மாவிடம் கொடுத்தான். ஐயர் காரணம் கேட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள்.

சாந்தினியின் கார் மாமரத்தடியில் நிற்கிறது. நேற்று ஜீப்பில் ஏசியைப் போட்டேன். கொஞ்சம் வெள்ளையாக வந்தது.